வெள்ளத்துக்கு முன்னாடியே தண்ணி டெஸ்ட் ட்ரில்: எங்க ஆரம்பிக்கணும், எதைப் பாக்கணும்

கேள்வி சுருக்கமா இதுதான்: கடலூர் மாவட்டத்துல கடலோரமா ஒரு பஞ்சாயத்து, ஊர்ப் பசங்களும் மகளிர் குழுவும் சேந்து இந்த மழைக்கு முன்னாடி குடிதண்ணி சோதனைக்கு ஒரு மாக் ட்ரில், அதாவது ஒத்திகை, நடத்தணும்னு நினைக்கறாங்க, பஞ்சாயத்து ஆபீஸ்ல தண்ணி டெஸ்ட் கிட் பெட்டி ஒண்ணு இருக்கு, அதை வெச்சு என்ன பண்ணலாம்னு கேக்கறாங்க. ரொம்ப நல்ல காரியம், அதான் நீளமாவே எழுதறேன். நான் பல வருஷமா தண்ணி பரிசோதனை வேலையில இருக்கேன், கிராமங்கள்ல கிட் பயிற்சியும் குடுக்கறேன்.

வழக்கமா பயிற்சின்னு என்ன நடக்குதுன்னா கிட்ட திறப்பாங்க, டியூப்ல தண்ணி ஊத்தி சொட்டு விட்டு கலர் பாப்பாங்க, போட்டோ எடுத்துக்குவாங்க, டீ பிஸ்கட்டோட முடிஞ்சுடும். அதுவும் வேணும்தான், ஆனா அதை ட்ரில்னு சொல்ல முடியாது. ஒரு தெருக்குழாய்ல கிருமியக் கொல்ற க்ளோரின் சைபர்னு தெரிஞ்ச நிமிஷத்துல இருந்து அந்தத் தெருவோட கடைசி வீட்டுக்கு "இதை அப்படியே குடிக்காதீங்க"ன்னு சேதி போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆகுது, நடுவுல யாரு யாருக்கு சொல்லணும், டேங்க் ஆபரேட்டர் ஊர்ல இல்லைன்னா வால்வை யாரு மூடுவாங்க, ப்ளீச்சிங் பவுடர் ரூம் சாவி யாருகிட்ட, இதெல்லாம் ஓடவிட்டுப் பாக்கறதுதான் ட்ரில். தண்ணிய அளக்கறது அதுல பாதிகூட இல்ல.

கடலூருக்கு இது ஏன் அவசரம்னு உங்களுக்கே தெரியும். 2004 சுனாமி, 2011 டிசம்பர் கடைசியில தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024ல ஃபெஞ்சல் புயல் கரை கடந்த கையோட சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை ஊருக்குள்ள வந்தது. இதுல ஒவ்வொண்ணும் தண்ணிய வேற வேற மாதிரி கெடுக்கும், அதை கவனிங்க. சுனாமியும் கடல் ஏறி வர்ற புயலும் கிணத்துல உப்பைக் கொண்டுவரும், ஆத்து வெள்ளம் சாக்கடையும் சேறும் கொண்டுவரும், காத்து மட்டும் அடிச்ச புயல் ஒண்ணையும் கொண்டுவராது ஆனா கரண்ட்டை எடுத்துடும், மோட்டார் ஓடாது, டேங்க் காஞ்சுடும், ஜனங்க கண்ட குட்டையிலயும் மொள்ள ஆரம்பிப்பாங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ டெல்டாவுல கரண்ட் வராம வாடகை ஜெனரேட்டர் வெச்சு டேங்க் ஏத்தினது ஞாபகம் இருக்கும். அதனால ட்ரில்லுக்கு முதல்ல எந்த ஆபத்தை நினைச்சு நடத்தறீங்கன்னு ஒண்ணை முடிவு பண்ணுங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல வேணாம்.

இப்போ முக்கியமான விஷயம். ட்ரில்லுக்கு முன்னாடியே, மழை இல்லாத சாதாரண நாள்ல, உங்க ஊர் தண்ணியோட எண்கள் கையில இருக்கணும். இதை மட்டும் விட்டுடாதீங்க. ஏன்னு ஒரு உதாரணம் சொல்றேன். கடலோர ஊர்ல ஒரு கிணத்துல டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்ச உப்போட அளவு, எப்பவும் 900 கிட்ட இருக்குன்னு வைங்க. வெள்ளம் வடிஞ்ச மறுநாள் மீட்டர் வெச்சா 300 காட்டுது. பாக்கறவங்க எல்லாரும் "அட தண்ணி நல்லாயிடுச்சே, கேன் தண்ணி மாதிரி இருக்கே"ன்னு சந்தோஷப்படுவாங்க. ஆனா நடந்தது என்ன? மண்ணுல மெதுவா இறங்கி வடிகட்டி வரவேண்டிய மழைத்தண்ணி, தெருவுல இருந்த சாக்கடையோட நேரா கிணத்துக்குள்ள பூந்திருக்கு, மழைத்தண்ணியில உப்பு கம்மிங்கறதால மீட்டர் இறங்கிடுச்சு. அந்த 300 உங்களுக்கு வர்ற எச்சரிக்கை. அதே கிணத்துல 3000 காட்டினா கடல் உள்ள வந்திருக்குன்னு அர்த்தம். ரெண்டுமே பழைய 900 தெரிஞ்சாத்தான் புரியும், இல்லைன்னா 300ங்கறது வெறும் நம்பர். டிடிஎஸ் மீட்டர் கிருமியக் காட்டாது, கரைஞ்ச உப்பு எவ்ளோன்னு மட்டும்தான் காட்டும், டிடிஎஸ் கம்மின்னா சுத்தமான தண்ணின்னு ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை இருக்கு, வெள்ள நேரத்துல அது ஆளைப் படுக்க வெச்சுடும்.

அதனால ஆகஸ்ட், செப்டம்பர்லயே ஊர்ல இருக்கற எல்லா தண்ணி இடத்தையும் ஒரு பெரிய பேப்பர்ல படமா வரைங்க. மேல்நிலைத் தொட்டி, போர், அடிபம்பு, குடிக்கற கிணறு, பள்ளிக்கூட சின்டெக்ஸ், புயல் பாதுகாப்பு மையத்து சம்ப், பைப்லைன் போற பாதை, வால்வு குழி எங்கெங்க இருக்கு, எந்த வால்வு குழி மழையில முங்கும். இந்த கடைசி தகவல் பெரியவங்ககிட்ட கேட்டாத்தான் கிடைக்கும். ஒவ்வொரு இடத்துலயும் க்ளோரின், கலங்கல், டிடிஎஸ், பிஎச் (அமில-கார அளவு), வாசனை, நிறம் எழுதி வைங்க. பேனா வேணாம், பென்சில்ல எழுதுங்க, நனைஞ்சாலும் அழியாது. போன்லயும் ஏத்துங்க ஆனா போனை மட்டும் நம்பாதீங்க, கரண்ட் போய் ரெண்டு நாள் ஆனா போன் எதுக்கும் ஆகாது.

வால்வு குழி ஏன் கேட்டேன்னா, நம்ம ஊர்கள்ல பைப்ல 24 மணி நேரமும் தண்ணி ஓடறதில்ல, காலையில ஒரு மணி நேரம் சாயந்தரம் ஒரு மணி நேரம்தான். தண்ணி விடாத நேரத்துல பைப்ல அழுத்தம் இருக்காது, வெளிய வெள்ளம் நிக்குது, ஜாயின்ட்லயும் ஏர் வால்வுலயும் சின்ன கசிவு இருந்தாலும் வெளித்தண்ணி உள்ள போயிடும். டேங்க்ல க்ளோரின் சரியா இருக்கும், ஆபரேட்டர் சரியாத்தான் போட்டிருப்பாரு, ஆனா தெருக்கோடி குழாய்ல சைபர் வரும். அதனால டேங்க் அடியில மட்டும் டெஸ்ட் பண்ணி திருப்தி ஆகாதீங்க. லைனோட கடைசி குழாய், பள்ளமான தெரு குழாய், அப்புறம் வீட்டுக்குள்ள இருக்கற குடம், இந்த மூணும் கண்டிப்பா வேணும். தண்ணி திறந்ததும் வர்ற முதல் தண்ணியில ஒண்ணு, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒண்ணுன்னு பாத்தா இன்னும் நல்லா புரியும்.

குடத்தை ஏன் சேக்கறேன்னா, தெற்கு சூடான் அகதி முகாம்கள்ல குழாய்ல சரியான அளவு க்ளோரின் இருந்த தண்ணி, ஜனங்க பிடிச்சுட்டுப் போய் வீட்ல வெச்ச சில மணி நேரத்துல பாதுகாப்பில்லாத அளவுக்கு இறங்கினதை ஆய்வுல பாத்திருக்காங்க. வெயில், கை விட்டு மொள்றது, கழுவாத பாத்திரம் எல்லாமே க்ளோரினைத் தின்னும். நம்ம நிவாரண முகாம்ல டிரம்ல தண்ணி ஊத்தி ஒரு மக் போட்டு வெப்பாங்க இல்ல, குழந்தைங்க எல்லாம் கை விட்டு எடுக்கும், அந்த டிரம்தான் ஊர்லயே ஆபத்தான இடம். ட்ரில்ல ஒரு டிரம் வெச்சு காலையில, மத்தியானம், சாயந்தரம் மூணு வேளை க்ளோரின் பாத்து எப்படி இறங்குதுன்னு மகளிர் குழுவே கண்ணால பாக்கட்டும். அதுக்கப்புறம் மூடி போட்ட, குழாய் வெச்ச டிரம்தான் வேணும்னு அவங்களே கேப்பாங்க.

எண்ணுக்கு வருவோம். இந்திய தரம் ஐஎஸ் 10500 படி குடிதண்ணியில மிச்ச க்ளோரின் லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம், அதைத்தான் 0.2 பிபிஎம்னு சொல்றோம். நோய் பரவுற நேரத்துல 0.5 வரைக்கும் வெக்கறது நல்லது. கலங்கல் 5 என்டியூ (கலங்கலை அளக்கற அலகு)க்குள்ள இருக்கணும், அதுக்கு மேல போனா க்ளோரின் சேத்துல ஒட்டிட்டிருக்கற கிருமியத் தொடாது. கலங்கல் பாக்க மீட்டர் இல்லைன்னா கலங்கல் குழாய்னு நீளமான கண்ணாடி மாதிரி டியூப் இருக்கு, அடியில இருக்கற குறி மறையற வரைக்கும் தண்ணி ஊத்தி அளவு பாக்கறது, கரண்ட்டும் வேணாம் பேட்டரியும் வேணாம். சேறா இருந்தா முதல்ல படிகாரம் போட்டு தெளிய வெச்சு, தெளிஞ்ச தண்ணிய மட்டும் எடுத்து அப்புறம் க்ளோரின் போடணும். நம்ம பாட்டிங்க தேத்தாங்கொட்டை இழைச்சு போட்டதும் இதே வேலைதான், ஆனா தெளிஞ்சது வேற, கிருமி போனது வேற, அதுக்கு மேல கொதிக்கவாவது வெக்கணும்.

க்ளோரின் டெஸ்ட்ல ரெண்டு வகை கிட் இருக்கு. மஞ்ச கலர் வர்றது ஆர்த்தோடாலிடின், பிங்க் வர்றது டிபிடி. கிடைச்சா டிபிடி வாங்குங்க, ஆர்த்தோடாலிடின் கையில படறது நல்லதில்லைன்னு பல இடத்துல விட்டுட்டாங்க. டிபிடி போட்டா ஒரு நிமிஷத்துக்குள்ள கலர் பாத்துடணும், பேசிட்டே விட்டுட்டா வேற வடிவத்துல இருக்கற க்ளோரினும் சேந்து கலர் ஏறிக் காட்டும். இன்னொண்ணு ரொம்ப பேருக்குத் தெரியாது: க்ளோரின் அளவு மிஞ்சி இருந்தா அது பிங்க் கலரையே வெளுக்க வெச்சுடும், நீங்க சைபர்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் பவுடரை அள்ளிப் போட்டுடுவீங்க. சைபர் வந்து, ஆனா மூக்குல க்ளோரின் வாடை தூக்கலா அடிச்சா, அந்தத் தண்ணியில ஒரு பங்கு எடுத்து க்ளோரின் போடாத நல்ல தண்ணி ஒம்போது பங்கு கலந்து மறுபடி பாருங்க, வர்ற எண்ணைப் பத்தால பெருக்குங்க. ட்ரில்லுல வேணும்னே இப்படி ஒரு பாட்டில் தயார் பண்ணி யாருக்கும் சொல்லாம டெஸ்ட் பண்ண மட்டும் குடுத்துப் பாருங்க, எத்தனை பேரு ஏமாறுறாங்கன்னு தெரிஞ்சுடும்.

ப்ளீச்சிங் பவுடர் எவ்ளோ போடணும்னு எல்லாரும் கேப்பாங்க. புதுசா இருந்தா அதுல சுமாரா 33 சதவீதம் க்ளோரின், ஆனா மூட்டைய பிரிச்சு ஈரக்காத்துல வெச்சா வேகமா இறங்கும், கடலோரத்துல இன்னும் வேகமா. 30,000 லிட்டர் டேங்க்குக்கு 2 பிபிஎம் போடணும்னா 60 கிராம் க்ளோரின் வேணும், புது பவுடர்னா கிட்டத்தட்ட 180 கிராம், அதே பவுடர் 20 சதவீதத்துக்கு இறங்கியிருந்தா 300 கிராம். இது தெரியாம பழக்கத்துல ஒரு டப்பா போட்டுட்டுப் போறதாலதான் சைபர் வருது. இதுக்கு வாளி டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ட்ரில்ல கண்டிப்பா பண்ணுங்க. உங்க பவுடரையே 30 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு தெளிய விடுங்க. நாலு பிளாஸ்டிக் வாளியில 20 லிட்டர் வீதம் அந்த ஊர்த் தண்ணிய எடுத்து, சிரிஞ்ச் வெச்சு 2, 4, 6, 8 மில்லின்னு விடுங்க, கலக்கி அரை மணி நேரம் வெச்சுட்டு நாலுலயும் க்ளோரின் பாருங்க. எந்த வாளியில 0.5 கிட்ட வருதோ அதுதான் அன்னைக்கு அந்தத் தண்ணிக்கு அளவு. 4 மில்லி வாளின்னா 30,000 லிட்டருக்கு அந்தக் கரைசல் 6 லிட்டர், அதாவது 180 கிராம் பவுடர் கணக்கு வரும். இதுல அழகு என்னன்னா பவுடர் வீரியம் இறங்கியிருந்தாலும் அதே பவுடர்லதான் சோதிக்கறோம், அதனால கணக்கு தானா சரியாயிடும், லேப்ல குடுத்து பவுடரை டெஸ்ட் பண்ண வேண்டியதில்ல. டேங்க்ல போடும்போது பவுடரா கொட்டாதீங்க, வாளியில கரைச்சு தெளிஞ்ச தண்ணிய மட்டும் ஊத்துங்க, மூக்குல துணி கட்டிக்கோங்க.

கிருமி டெஸ்ட்டுக்கு ஹெச்டூஎஸ் பாட்டில்னு ஒண்ணு வரும், தண்ணி ஊத்தி 24ல இருந்து 48 மணி நேரம் வெதுவெதுப்பான இடத்துல வெச்சா கறுப்பாச்சுன்னா மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இது 1982ல இந்திய ஆராய்ச்சியாளர்கள் உண்டாக்கினது, மலிவு, நம்ம கிராமத்துக்குன்னே செஞ்ச மாதிரி. ஆனா சில போர் தண்ணியில இயற்கையாவே அழுகின முட்டை வாடை இருக்கும், அதுல சும்மாவே கறுக்கும், இங்கயும் சாதாரண நாள் ரிசல்ட் தெரிஞ்சிருந்தாத்தான் ஏமாற மாட்டீங்க. லேப்புக்கு அனுப்பறதுன்னா கிருமி இல்லாம பண்ணின பாட்டில், க்ளோரினை முறிக்கற மருந்து உள்ள போட்டது, அதை லேப்லயே முன்கூட்டி வாங்கி வெச்சுக்கணும், பாட்டிலை அலம்பக்கூடாது, ஐஸ் பெட்டியில வெச்சு ஆறு மணி நேரத்துக்குள்ள சேத்தா நல்லது, 24 மணி தாண்டினா பிரயோஜனமில்ல. ரோடு முங்கினா எந்த வழியா போவீங்க? அதையும் ட்ரில்ல பைக்ல ஒருத்தரை அனுப்பி பாத்துடுங்க. என்ன இருந்தாலும் கிருமி ரிசல்ட்டுக்காக முடிவைத் தள்ளி வெக்காதீங்க. க்ளோரின் எண் பத்து நிமிஷத்துல வருது, கிருமி எண் ஒரு நாள் கழிச்சு வருது, அந்த ஒரு நாள்ல ஊர் முழுக்க குடிச்சு முடிச்சிருக்கும். முதல் நாள் முடிவு க்ளோரின், கலங்கல், கண்ணு, மூக்கு இதை வெச்சுத்தான்.

கிட்டால கண்டுபிடிக்க முடியாததும் இருக்கு. சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்து கிராமம்னாலோ, பூச்சிமருந்து கடையோ பெட்ரோல் பங்க்கோ முங்கின இடம்னாலோ, தண்ணி மேல எண்ணெய்ப் படலம், மருந்து வாடை இருந்தா டெஸ்ட் எல்லாம் வேணாம், அந்தத் தண்ணி குடிக்கக்கூடாது, கொதிக்க வெச்சாலும் கூடாது. கொதிக்க வெக்கறது கிருமியத்தான் கொல்லும். அதனால ஊருக்குச் சொல்ற சேதி மூணே மூணா இருக்கட்டும்: குடிக்கலாம், தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிக்க வெச்சு ஆற வெச்சு குடிங்க, எதுக்குமே தொடாதீங்க. பச்சை, மஞ்ச, சிவப்பு துணி குழாய்ல கட்டிடலாம், படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும். கோயில் மைக், பள்ளிவாசல் மைக், சர்ச் மைக் எதுவா இருந்தாலும் பேட்டரில ஓடுமான்னு பாத்து வைங்க.

உப்பு ஏறின கிணத்தைப் பத்தி தனியா ஒரு வார்த்தை. சுனாமிக்கு அப்புறம் இலங்கையில மட்டக்களப்பு பக்கம் கிணத்துல உப்பு போகணும்னு மோட்டார் வெச்சு திரும்பத் திரும்ப இறைச்சாங்க, நல்ல எண்ணத்துல பண்ணினதுதான். ஆனா கடலோர மணல்ல நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மிதந்துட்டு இருக்கும், மேல இருக்கறதை வேகமா இழுத்தா அடியில இருந்து உப்பு மேல ஏறும், கிணத்து ஓரமும் சரியும். சேறு, குப்பைய எடுக்கற அளவுக்கு ஒரு தடவை மெதுவா இறைச்சுட்டு, வாரா வாரம் டிடிஎஸ் பாத்து எழுதிட்டே, மழை வந்து தானா கழுவ விட்டாத்தான் சரியாகும். அவசரப்பட்டு இறைக்கணும்னு யாராவது வந்தா உங்ககிட்ட இருக்கற எண்களைக் காட்டித்தான் நிறுத்த முடியும்.

ட்ரில் நாளைக்கு வருவோம். அக்டோபர் முதல் வாரம், பருவமழை ஆரம்பிக்கறதுக்குள்ள, சாயந்தரம் வைங்க, ஏன்னா இருட்டுல கலர் பாக்கறது பகல்ல பாக்கற மாதிரி இல்ல, டார்ச் மஞ்ச வெளிச்சத்துல பிங்க் வேற மாதிரி தெரியும், வெள்ளை எல்இடி வெச்சுக்கணும். பம்ப் ரூம் மெயினை ஆஃப் பண்ணிடுங்க, எல்லாரோட போனையும் ஒரு பையில போட்டு வைங்க, ஒரு ரோட்டை அடைச்சுட்டதா வெச்சுக்கோங்க, டேங்க் ஆபரேட்டரை அன்னைக்கு ஊருக்கு வெளிய அனுப்பிடுங்க. ஜல் ஜீவன் திட்டத்துல கிராமத்துக்கு அஞ்சு பெண்களுக்கு கிட் பயிற்சி குடுக்கணும்னு இருக்கு, உங்க ஊர்ல யாருன்னு கேட்டு அவங்களை முன்னாடி நிறுத்துங்க, பசங்க தூக்கறது, ஓடறது, எழுதறது பாக்கட்டும். ஆபீசருங்க வரும்போது பெண்களைப் பின்னாடி தள்ளிடறாங்க, அது வேணாம், வெள்ளத்தப்போ வீட்டு குடம் வரைக்கும் போய் பாக்கறது அவங்கதான். கிராம சுகாதார செவிலியர், ஹெல்த் இன்ஸ்பெக்டர், ஊராட்சி செயலர் மூணு பேரையும் கூப்பிடுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல வயித்துப்போக்கு கேஸ் ஏறினா உங்களுக்கு அன்னைக்கே தகவல் வரணும், உங்களுக்கு சைபர் வந்தா அங்க போகணும், அந்த ரெண்டு பக்க பேச்சு இப்பவே ஆரம்பிக்கணும். டேங்கர் லாரி வந்தா இறக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ற பழக்கத்தையும் அன்னைக்கே ஒரு தடவை நடிச்சுப் பாருங்க, லாரிக்காரரு அவசரப்படுத்துவாரு, ஜனங்க குடத்தோட கத்துவாங்க, அந்த சத்தத்துல நிதானமா ஒரு நிமிஷம் கலர் பாக்கப் பழகணும்.

பாதுகாப்பு விஷயத்துல சமரசம் வேணாம். நிஜ வெள்ளத்துல தனியா யாரும் தண்ணிக்குள்ள இறங்கக்கூடாது, முங்கின மோட்டார் ரூம் பக்கமே போகக்கூடாது, கால்ல புண் இருக்கறவங்க போகவே வேணாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும்.

எழுதற எண் உண்மையா இருக்கணும், இதை ட்ரில் அன்னைக்கு எல்லாரையும் உக்கார வெச்சு சொல்லுங்க. 2000 மே மாசம் கனடாவுல வாக்கர்டன்னு ஒரு சின்ன ஊர். பெருமழையில பக்கத்து பண்ணையோட மாட்டுச்சாணம் ஊர்க்கிணத்துல இறங்கிடுச்சு. தினமும் க்ளோரின் அளக்க வேண்டியவங்க அளக்காமலே வழக்கமா ஒரு நம்பரை எழுதிட்டு இருந்திருக்காங்க. ஏழு பேரு செத்தாங்க, 2,300 பேரு கிட்ட நோயில விழுந்தாங்க. கருவி, ஆளு, சம்பளம் எல்லாம் இருந்த ஊர் அது. நம்மகிட்டயும் ரிஜிஸ்டர்ல மாசம் முழுக்க 0.2, 0.2, 0.2ன்னு ஒரே கையெழுத்துல பாத்திருப்பீங்க. சைபர் வந்தா சைபர்னு எழுதறவங்களை யாரும் திட்டக்கூடாது, அவங்களைத்தான் ஊர் பாராட்டணும், இல்லைன்னா அடுத்த தடவை 0.2ன்னு எழுதிடுவாங்க.

ட்ரில் முடிஞ்ச அன்னைக்கே ரெண்டு வேலை. சாம்பிள் எடுத்ததுல இருந்து கடைசி வீட்டுக்கு சேதி போன வரைக்கும் ஆன நேரத்தை பஞ்சாயத்து போர்டுல எழுதி வைங்க, டிசம்பர்ல இன்னொரு தடவை நடத்தி அதைக் குறைங்க. அப்புறம் கிட்ல தீந்த மருந்துக்கு உடனே ஆர்டர் போடுங்க, பாட்டில்ல இருக்கற எக்ஸ்பைரி தேதியப் பாத்து கிட் பெட்டி மூடி மேலயே பெருசா எழுதி ஒட்டுங்க, பெட்டிய வெயில் படாத, வெள்ளம் ஏறாத உயரத்துல வைங்க, சாவி ரெண்டு பேருகிட்ட இருக்கட்டும்.